அடுப்பில் பூத்த ஆம்பியும் குடிலில் விளையும் காளானும்: தமிழக இல்லக் காளான் வளர்ப்பில் வித்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

சங்கப் பாடல்களில் வீட்டுக்குள் முளைத்த காளான் அவ்வீட்டின் வறுமையைக் காட்டும் குறியாக இடம்பெறுகிறது. இன்று வீட்டை ஒட்டிய குடிலில் வளர்க்கப்படும் காளான் உணவாகவும் வருவாயாகவும் கொள்ளப்படுகிறது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1943இல் கோயம்புத்தூரில் வைக்கோல் காளான், 1962இல் மைசூரில் சிப்பிக்காளான், 1998இல் அருப்புக்கோட்டை வழி வந்த பால் காளான் ஆகிய மூன்று நிலைகளில் இவ்வரலாறு தொகுத்துக் காட்டப்படுகிறது. காளானை வீட்டுப் பயிராக ஆக்கியது தூய வித்தே என்பதும், அவ்வித்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் வாய்ப்பை இல்லம் இன்னும் பெறவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள் ஆகும்.

திறவுச்சொற்கள்: ஆம்பி, காளான் வித்து, வைக்கோல் காளான், சிப்பிக்காளான், பால் காளான், இல்லத் தொழில்.

முன்னுரை

தமிழகத்தின் வேளாண் வரலாறு பெரும்பாலும் நெல், கரும்பு, பருத்தி, புன்செய்த் தானியங்கள் ஆகியவற்றை முன்வைத்தே எழுதப்பட்டுள்ளது. நிலம் வேண்டாத, உழவு வேண்டாத, வெயில் வேண்டாத ஒரு பயிருக்கு அவ்வரலாற்றில் இடம் குறைவு. காளான் அத்தகைய பயிர். அது பச்சையம் அற்றது. தனக்கு வேண்டிய உணவை ஒளியிலிருந்து ஆக்கிக்கொள்ளாது, மட்கும் பொருளிலிருந்து பெறுகிறது. இதனால் நிலமற்ற குடும்பமும் அதனை வளர்க்க இயலும். வேளாண் பரப்புரைகளில் காளான் வளர்ப்பு ஏழை இல்லங்களுக்கும் மகளிருக்கும் உரிய தொழிலாகத் தொடர்ந்து பேசப்படுவதற்கு இதுவே காரணம்.

ஆயினும் ‘இல்லத்தில் காளான்’ என்னும் தொடர் தமிழில் எப்போதும் நற்பொருள் தந்ததில்லை. பழந்தமிழ்ப் பாடல்களில் அது பசியின் அடையாளம். ஒரே பொருள் ஒரு காலத்தில் இல்லாமையையும் மற்றொரு காலத்தில் அதனைத் தீர்க்கும் வழியையும் குறித்தது ஏன் என்னும் வினா எழுகிறது. இதற்கான விடையை உணவுப் பழக்க மாற்றத்தில் மட்டும் தேடுதல் போதாது. காளானை விதைக்கும் அறிவு எங்கே தோன்றியது, யார் வழியாக இங்கு வந்தது, இல்லத்தை எவ்வளவு தூரம் அடைந்தது என்பவற்றையும் நோக்க வேண்டும்.

சங்க இலக்கியத்தில் ஆம்பி

காளானைக் குறிக்கும் பழஞ்சொற்கள் ஆம்பி, காளாம்பி என்பன. புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் இல்லத்தின் நிலையை எடுத்துரைக்கிறார். சமைத்தலையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதும், பால் வற்றிய முலையைச் சுவைத்து அழும் குழந்தையின் முகத்தைத் தாய் நோக்குவதும் அப்பாடலில் அமைந்துள்ளன. நத்தத்தனார் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையிலும் இத்தகைய காட்சி உண்டு. கூரை சிதைந்த பழைய அட்டிலில், கறையான் அரித்து உதிர்த்த புழுதியின்மேல் காளாம்பி பூத்திருக்கிறது. அவ்வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாருடன் உண்கிறாள்.

இவ்விரு காட்சிகளிலும் கூர்ந்த இயற்கை அறிவு உள்ளது. நாள்தோறும் எரியும் அடுப்பு உலர்ந்தும் வெம்மையாகவும் இருக்கும். அங்கே பூசணம் வாழாது. சாம்பலும் மண்ணும் ஈரம் ஏறிக் குளிர்ந்து கிடந்தால்தான் காளான் முளைக்கும். எனவே அடுப்பில் பூத்த ஆம்பி, பல நாள்களாகத் தீ மூட்டப்படவில்லை என்பதற்கான சான்றாகிறது. புலவர் பசியை நேரடியாகச் சொல்லாமல் அதன் விளைவைக் காட்டுகிறார். சிறுபாணாற்றுப்படை கறையானையும் காளானையும் ஒருங்கே வைப்பதும் நோக்கத்தக்கது. சிதைவு நிகழும் இடமே காளானின் இடம் என்னும் அறிவு அதில் வெளிப்படுகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. இவ்விரு இடங்களிலும் ஆம்பி உணவாகச் சுட்டப்படவில்லை. சிறுபாணாற்றுப்படையின் பெண் பறிப்பது கீரையையே. அட்டிலில் பூத்த காளானை அன்று. இதனைக் கொண்டு அக்காலத் தமிழர் காளானையே உண்ணவில்லை என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. இல்லத்துக்குள் தானே முளைத்த காளான் வீட்டின் சிதைவாகக் கருதப்பட்டது என்ற அளவில் மட்டுமே இச்சான்றுகளைக் கொள்ளலாம்.

காட்டுக் காளானும் விதையற்ற விளைவும்

தமிழகச் சிற்றூர்களில் மழைக்காலக் காளான் சேகரிப்பு நெடுங்காலமாக வழங்கிவரும் பழக்கம். குறிப்பாகப் புற்றுக்காளான் சுவைக்காகப் பெரிதும் விரும்பப்படுகிறது. முதல் மழைக்குப் பின் புற்றின் மேலும் அருகிலும் முளைக்கும் இக்காளானை இடி இடித்தால் பூக்கும் காளான் என மக்கள் நம்புகின்றனர். டெர்மிட்டோமைசீஸ் என்னும் இப்பேரினத்தைக் கறையான்கள் தம் புற்றுக்குள் தாமே வளர்த்து உண்கின்றன. தாம் தின்ற தாவரப் பொருளைக் கொண்டு அவை தோட்டம் போன்ற அமைப்பை உருவாக்கி அதில் பூசணத்தைப் பேணுகின்றன. கறையானின் துணையின்றி இக்காளானை விளைவிக்கும் முயற்சிகள் வீட்டு வளர்ப்பு என்னும் நிலையை எட்டவில்லை. ஆகவே இது இன்றும் தேடிப் பறிக்கும் உணவாகவே உள்ளது.

காட்டுக் காளானின் இயல்பு மொழி வழக்கிலும் பதிந்துள்ளது. நேற்றைய மழைக்கு இன்று முளைத்த காளான் என்னும் வழக்கு, மரபும் வேரும் அற்ற திடீர்த் தோற்றத்தை இகழ்ந்து கூறப் பயன்படுகிறது. விதைத்தவர் இல்லாமல் வந்தது என்பதே அவ்விகழ்ச்சியின் அடிப்படை. நச்சுக்காளான் பற்றிய அச்சம் இதனோடு சேர்ந்துகொண்டது. உண்ணத்தக்கதையும் தகாததையும் பிரித்தறியும் திறன் சிலரிடமே இருந்தது. மனுநூலின் ஐந்தாம் இயல் பூண்டு, வெங்காயம் ஆகியவற்றுடன் காளானையும் இருபிறப்பாளர்க்கு விலக்கிய உணவுகளில் சேர்க்கிறது. இவ்வாறு காளான் ஒரு சாரார்க்கு விலக்கு, மற்றொரு சாரார்க்குப் பருவகால உணவு என்னும் நிலையில் இருந்தது. எச்சாரார்க்கும் அது பயிராக இல்லை. பயிராவதற்கு வேண்டிய விதை இல்லாமையே அதற்குக் காரணம்.

வித்தின் வரலாறு

காளான் வளர்ப்பு தமிழகத்தில் தோன்றியதன்று. சீனாவில் வாங் ஷென் 1313இல் முடித்த வேளாண் நூலில், வெட்டிய மரத்துண்டுகளில் காளான் வளர்க்கும் முறை விவரிக்கப்பட்டுள்ளது. பிரான்சில் 17ஆம் நூற்றாண்டில் பாரிசைச் சூழ்ந்த முலாம்பழத் தோட்டங்களில் குதிரைச் சாணப் படுக்கைகளில் காளான் வளர்க்கப்பட்டது. 1707இல் தாவர அறிஞர் தூர்னெஃபோர் அம்முறையை விளக்கி எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் அத்தொழில் பாரிசின் கைவிடப்பட்ட கற்சுரங்கங்களுக்குள் சென்றது.

இக்காலங்களில் தூய வித்து எனத் தனியே ஒன்று இல்லை. பழைய படுக்கையில் வெண்ணிழை படர்ந்த ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்துப் புதிய படுக்கையில் இடுவதே வழக்கம். தென்சீனத்தில் வைக்கோல் காளான் வளர்த்தோரும் முன்னைய படுக்கையின் வைக்கோலையே வித்தாகக் கொண்டனர். வளர்ப்பவரே வித்தையும் பேணினார் என்பது இம்முறையின் சிறப்பு. அவ்வித்துடன் நோயும் களைப்பூசணமும் சேர்ந்தே வந்தன என்பது அதன் குறை. ஒரு பருவம் விளைந்த படுக்கை மறுபருவம் முற்றிலும் பொய்த்துப் போவதும் உண்டு.

இந்நிலையை மாற்றியவை மூன்று ஆய்வுகள். 1894இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் கோஸ்தாந்தேன், மாட்ருஷோ ஆகியோர் காளானின் வித்துத்துகள்களை முளைக்கச் செய்து தூய வித்தை உருவாக்கினர். 1905இல் அமெரிக்காவில் டக்கர், காளானின் சதைப்பகுதியிலிருந்தே தூய வளர்ப்பைப் பெறும் எளிய முறையை வெளியிட்டார். 1930களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் ஜேம்ஸ் சிண்டன், வேகவைத்து நுண்ணுயிர் நீக்கிய தானியத்தின்மேல் பூசண இழையை வளர்க்கும் முறையைக் கண்டார். ஒவ்வொரு தானியமும் ஒரு தனி வித்தாக ஆனதால், அதனைப் படுக்கையில் தூவுவது விதை தெளிப்பதைப் போல் எளிதாயிற்று. தமிழகத்தில் இன்று வழங்கும் சோள வித்து இம்மரபின் தொடர்ச்சியே.

இம்மூன்று ஆய்வுகளாலும் வித்து தூய்மை அடைந்தது. அதே வேளையில் அது தோட்டத்திலிருந்து ஆய்வகத்துக்கு இடம்பெயர்ந்தது. இதன் விளைவைப் பின்வரும் தமிழக வரலாற்றில் காணலாம்.

கோயம்புத்தூர், 1943

இந்தியாவில் வைக்கோல் காளானை வளர்த்து முதலில் அறிக்கை தந்தவர்களாகக் கே.எம். தாமஸ், டி.எஸ். ராமகிருஷ்ணன், ஐ.எல். நரசிம்மன் ஆகியோர் காளான் ஆய்வுலகில் குறிப்பிடப்படுகின்றனர். கோயம்புத்தூரில் நிகழ்ந்த இவ்வாய்வு 1943இல் சென்னை மாகாண வேளாண் இதழில் வெளியாயிற்று. அறிவியல் பெயரால் வால்வேரியெல்லா எனப்படும் இக்காளான் நெல் வைக்கோலில் வளர்வது. 30 முதல் 35 பாகை செல்சியசு வெப்பத்தை விரும்புவது. நெல் விளையும் வெப்ப நாட்டுக்கு இதனினும் பொருத்தமான காளான் இல்லை எனத் தோன்றும்.

அக்காலச் சூழலையும் இங்கு நினைவில் கொள்ளலாம். 1942இல் பர்மா சப்பானியர் வசமானதும் அங்கிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. மாகாணமெங்கும் உணவுத் தட்டுப்பாடு நிலவியது. வங்காளத்தில் பெரும்பஞ்சம் நேர்ந்த ஆண்டு 1943. அதிக உணவு விளைவிக்கும் இயக்கத்தை அரசு முடுக்கிவிட்டிருந்தது. வைக்கோல் போன்ற கழிவிலிருந்து உணவு பெறும் ஆய்வு இத்தகைய காலத்தில் வெளிவந்தது குறிப்பிடத்தக்கது.

எனினும் வைக்கோல் காளான் தமிழகத்தில் பரவலான வீட்டுத் தொழிலாக நிலைபெறவில்லை. இதற்கான காரணங்களை அக்காளானின் இயல்பிலேயே காணலாம். முதலாவது, விளைச்சல் குறைவு. உலர்ந்த வைக்கோலின் எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு காளானே கிடைக்கும். இரண்டாவது, பறித்த காளான் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் காக்கப்படுவதற்கு மாறாக நீர்விட்டுக் குழைந்துவிடும். மூன்றாவது, அதன் வித்தும் குளிரில் மடிந்துவிடும். ஆய்வகத்திலிருந்து சிற்றூருக்கு வித்தைச் சேமித்து அனுப்புவது இதனால் கடினமாயிற்று. வளர்க்கும் முறை அறியப்பட்டும் வித்து இல்லம் வரை செல்லாமையால் அவ்வறிவு பெரிதும் ஆய்வு நிலையத்துக்குள்ளேயே தங்கிற்று எனலாம்.

மைசூரும் சோலனும்: பிரிந்த இரு வழிகள்

1960களின் தொடக்கத்தில் இந்தியக் காளான் வளர்ப்பு இரு வேறு வழிகளில் சென்றது. 1961இல் இமாசலப் பிரதேசத்தின் சோலனில் மொட்டுக்காளான் வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. பின்னர் உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வல்லுநர்கள் அங்கு வழிகாட்டினர். 1983இல் சோலனில் தேசியக் காளான் ஆராய்ச்சி, பயிற்சி மையம் நிறுவப்பட்டது. மொட்டுக்காளான் காய்ப்பதற்கு 14 முதல் 18 பாகை செல்சியசு குளிர் வேண்டும். கோதுமைத்தாள், கோழி எரு முதலியவற்றைப் பல நாள் மட்கவைத்துத் தொழுவுரம் ஆக்க வேண்டும். தமிழகத்தில் நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் இயற்கையாகவும் சமவெளியில் குளிரூட்டிய கட்டடங்களிலும் மட்டுமே இது இயலும். இதனால் மொட்டுக்காளான் ஆலைத் தொழிலாக வளர்ந்தது.

மற்றொரு வழி மைசூரில் பிறந்தது. அங்குள்ள மைய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜாகியா பானோ, எச்.சி. ஸ்ரீவஸ்தவா ஆகியோர் 1962இல் நெல் வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்க்கும் ஆய்வை வெளியிட்டனர். புளூரோட்டஸ் பேரினத்தைச் சேர்ந்த இக்காளானை 1917இல் செருமானிய அறிஞர் ஃபால்க் மரக்கட்டைகளில் வளர்த்துக் காட்டியிருந்தார். மரக்கட்டையிலிருந்து வைக்கோலுக்கு வந்த மாற்றமே அதனைத் தென்னிந்திய இல்லத்துக்கு உரியதாக்கியது.

சிப்பிக்காளான் இல்லத்துக்குப் பொருந்தியமைக்கு அறிவியல் காரணங்கள் உள்ளன. வைக்கோலில் உள்ள செல்லுலோசு, லிக்னின் ஆகிய இரண்டையும் அது நேரடியாகச் சிதைத்து உண்ணும். ஆதலால் தொழுவுரம் தயாரிக்கும் பணி இல்லை; படுக்கையின்மேல் மண் இடவும் தேவையில்லை. 20 முதல் 30 பாகை வெப்பத்தில் வளரும். ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலிலிருந்து அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை காளான் தரும். வெயிலில் உலர்த்திச் சேமிக்கவும் இயலும். வைக்கோல் காளானிடம் இல்லாத இப்பண்புகள் அனைத்தும் சேர்ந்து சிப்பிக்காளானை முதல் நிலைக்குக் கொண்டுவந்தன.

அருப்புக்கோட்டையும் பால் காளானும்

சிப்பிக்காளானுக்கும் ஓர் எல்லை உண்டு. தமிழகச் சமவெளியின் கோடையில், வெப்பம் 35 பாகையைக் கடக்கும் மாதங்களில், அதன் விளைச்சல் சரியும். இவ்விடைவெளியை நிரப்பியது பால் காளான். இதனை ஆர்.பி. புர்காயஸ்தா, ஐந்த்ரிலா சந்திரா ஆகியோர் 1974இல் மேற்கு வங்கத்திலிருந்து புதிய இனமாக விவரித்துக் கேலோசைபி இண்டிகா எனப் பெயரிட்டனர். இந்தியாவில் கண்டறியப்பட்டு இந்தியாவிலேயே பயிராக்கப்பட்ட காளான் என்பது இதன் தனிச்சிறப்பு. வங்கத்தில் அதனை வளர்க்கும் ஆய்வுகள் நிகழ்ந்தபோதிலும் அது வணிகப் பயிராக உருப்பெற்றது தமிழகத்தில்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏபிகே 2 என்னும் பால் காளான் இரகத்தை வெளியிட்டது. அப்பெயரின் முற்பகுதி அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பது. ஏ.எஸ். கிருஷ்ணமூர்த்தியும் அவர்தம் குழுவினரும் இதன் வளர்ப்பு முறையைச் செம்மைப்படுத்தினர்.

மழை குறைந்த, வெம்மை மிகுந்த வட்டாரத்திலிருந்து காளான் இரகம் ஒன்று வந்தமை கருதத்தக்கது. பால் காளான் 30 முதல் 35 பாகை வெப்பத்தில் நன்கு விளையும். வித்து பரவிய பின் படுக்கையை இரண்டாக வெட்டி, மேற்பரப்பில் வேகவைத்த மண்ணை மெல்லிய அடுக்காக இட வேண்டும். பாதி தரைக்குள் இறக்கி அமைத்த குடிலின்மேல் நீலநிறப் பாலித்தீன் விரிப்பைப் போர்த்துவது பல்கலைக்கழகம் பரிந்துரைத்த அமைப்பு. பறித்த காளான் சிப்பிக்காளானைவிடக் கூடுதல் நாள் கெடாமல் இருப்பதால் தொலைவிலுள்ள சந்தைக்கும் அனுப்ப இயலும். இவ்வாறு குளிர்காலத்துக்குச் சிப்பிக்காளான், கோடைக்குப் பால் காளான் என்னும் சுழற்சி அமைந்தது. ஆண்டு முழுதும் காளான் வளர்த்தல் சமவெளி இல்லத்துக்கு இயல்வதாயிற்று.

குடிலில் நிகழும் வளர்ப்பு

சிப்பிக்காளான் வளர்ப்பின் படிநிலைகள் இல்லத்தில் ஏற்கெனவே உள்ள பொருள்களையும் கைத்திறனையும் சார்ந்தவை. வைக்கோலை 3 முதல் 5 செ.மீ. நீளத் துண்டுகளாக நறுக்கி, நீரில் ஏறத்தாழ 5 மணி நேரம் ஊறவைப்பர். பின்பு கொதிநீரில் அல்லது நீராவியில் ஒரு மணி நேரம் வேகவைத்து நிழலில் உலர்த்துவர். கையால் இறுக்கிப் பிழிந்தால் நீர் சொட்டாமல், ஆனால் உள்ளங்கையில் ஈரம் தெரியும் பதமே சரியான பதம். ஆய்வக அளவில் இது ஏறத்தாழ 65 விழுக்காடு ஈரம். நெல்லை அவிக்கும் பதமும் மாவின் பதமும் அறிந்த கைக்கு இது புதிய கல்வி அன்று.

பின்னர்ப் பாலித்தீன் பையில் வைக்கோலையும் வித்தையும் மாறி மாறி அடுக்கிக் கட்டி, பக்கங்களில் காற்றுத் துளையிட்டுத் தொங்கவிடுவர். முதல் 15 முதல் 20 நாள்கள் ஒளி வேண்டுவதில்லை. வெண்ணிழை முழுதும் படர்ந்தபின் பையைக் கிழித்து, ஈரமும் காற்றோட்டமும் மிதமான வெளிச்சமும் உள்ள அறைக்கு மாற்றுவர். தரையில் ஆற்றுமணலைப் பரப்பியும் சுற்றிலும் ஈரச்சாக்கு தொங்கவிட்டும் நீர் தெளித்தும் காற்றின் ஈரப்பதத்தை 80 விழுக்காட்டையொட்டிக் காப்பர். மொட்டு தோன்றிய மூன்றாம் நாளில் பறிக்கலாம். ஒரு படுக்கை ஏறத்தாழ 45 நாள்களில் மூன்று முறை பலன் தரும். எஞ்சும் வைக்கோல் உரமாகும்.

சங்கப் பாடல் காட்டிய அடுப்பும் இக்குடிலும் இயற்கை நிலையால் நெருங்கியவை. ஈரம், நிழல், மட்கும் பொருள் ஆகிய மூன்றும் இரண்டிடத்தும் உள்ளன. அங்கே அவை தீ மூட்டப்படாமையால் நேர்ந்தவை. இங்கே தீ மூட்டி வைக்கோலை வேகவைத்தபின் முயன்று அமைத்தவை. வேகவைத்தல் வைக்கோலில் உள்ள பிற பூசணங்களை அழித்து, விதைத்த இனத்துக்கு மட்டும் இடம் ஒதுக்குகிறது. இதனால் எது முளைக்கும் என்பதை வளர்ப்பவர் முன்கூட்டியே அறிகிறார். காட்டுக் காளானைச் சூழ்ந்திருந்த நச்சு அச்சத்தை நீக்கியது இவ்வுறுதியே.

வித்து என்னும் சொல்லும் அதன் பொருளும்

தமிழ் வேளாண் நூல்களில் காளானின் நடவுப்பொருள் வித்து என்றும் விதை என்றும் வழங்கப்படுகிறது. தாய் வித்து, படுக்கை வித்து என்னும் கலைச்சொற்கள் பயிற்சிக் கையேடுகளில் நிலைபெற்றுள்ளன. இச்சொல்லாட்சி புதிய அறிவை உழவரின் பழகிய சிந்தனைக்குள் கொண்டுவந்தது. நெல்லை விதைத்தவர் காளானையும் விதைக்கலாம் என்னும் நம்பிக்கையை அது தந்தது.

ஆயினும் சொல் மறைக்கும் வேறுபாடு ஒன்று உள்ளது. நெல் வித்து விளைச்சலின் ஒரு பகுதி. அறுவடையில் நல்ல கதிரைத் தேர்ந்து, உலர்த்தி, குதிரில் வைத்துக்கொள்ளும் குடும்பம் அடுத்த பருவத்துக்கு எவரையும் நாட வேண்டியதில்லை. காளான் வித்து விளைச்சலின் பகுதி அன்று. அரைவேக்காடாக வெந்த சோளத்துடன் கால்சியம் கார்பனேட்டு கலந்து, பையில் அடைத்து, உயர் அழுத்த நீராவியில் நுண்ணுயிர் நீக்கி, தூய்மையான அறையில் தாய் வித்தைச் சேர்த்து வளர்த்த பூசண இழையே அது. ஏறத்தாழ 15 முதல் 18 நாள் வயதில் அது பயன்படுத்தத்தக்கது. முதிர்ந்தால் வீரியம் குறையும். வித்திலிருந்து வித்தாக மீண்டும் மீண்டும் பெருக்கினாலும் வீரியம் குன்றும். ஆதலால் தூய வளர்ப்பைப் பேணும் ஆய்வகத்தை வளர்ப்பவர் தொடர்ந்து சார்ந்திருக்க வேண்டியுள்ளது.

பழைய படுக்கையிலிருந்து வித்தெடுத்த சீன, பிரெஞ்சு வளர்ப்போரிடம் இச்சார்பு இல்லை. அவர்களிடம் விளைச்சல் உறுதியும் இல்லை. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்கும் இந்நிலையே நவீனக் காளான் வளர்ப்பின் அடிப்படை முரண். குடும்பம் செய்யும் வேலை அனைத்தும் செவ்வனே நடந்தாலும், வாங்கிய வித்து மாசுற்றிருந்தால் படுக்கை முழுவதும் பச்சைப் பூசணம் படர்ந்து கெடும். அவ்விழப்பைத் தாங்குவது வித்து தந்தவர் அல்லர். வைக்கோலும் உழைப்பும் இட்ட குடும்பமே.

மகளிர், பயிற்சி, சந்தை

வித்தும் முறையும் இல்லங்களை அடைந்ததில் மூன்று அமைப்புகளுக்குப் பங்குண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வித்து உற்பத்தியையும் குறுகியகாலப் பயிற்சிகளையும் நடத்திவருகிறது. 1974இல் புதுச்சேரியில் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கியது. பின்னர் மாவட்டங்கள்தோறும் அமைந்த இந்நிலையங்கள் காளான் வளர்ப்பைத் தம் பயிற்சிகளில் ஒன்றாகக் கொண்டன. மூன்றாவதாக, 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தின் வழி சுய உதவிக் குழுக்கள் தமிழகமெங்கும் பரவின. சிறுகடன் பெற்ற மகளிர்க்குக் காளான் குடில் எளிய முதலீடாக அமைந்தது.

எனினும் பரப்புரையின் கூற்றுகளை அளவிட்டு நோக்குதல் வேண்டும். காளான் புரதம் நிறைந்தது, இறைச்சிக்கு ஈடானது எனப் பரவலாகக் கூறப்படுகிறது. உலர் எடையில் 20 முதல் 30 விழுக்காடு புரதம் உண்டு என்பது உண்மை. ஆனால் புதிய காளானில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர். ஆகவே சமைக்கும் நிலையில் 100 கிராம் காளான் தருவது 2 முதல் 4 கிராம் வரையிலான புரதமே. அது நல்ல உணவு. பருப்புக்கோ முட்டைக்கோ மாற்றாக அதனை மட்டும் நம்ப இயலாது. அவ்வாறே, ஓய்வுநேரத்தில் செய்யும் தொழில் என்னும் கூற்றும் முழு உண்மை அன்று. கோடையில் ஒரு நாளில் பலமுறை நீர் தெளிக்க வேண்டும். மொட்டு விரியும் காலத்தில் விடியற்காலையில் பறித்து அன்றே விற்க வேண்டும். நீருக்குத் தொலைவு செல்லும் ஊர்களில் இவ்வுழைப்பு பெண்கள்மீதே விழுகிறது. முதிர்ந்த சிப்பிக்காளான் உதிர்க்கும் வித்துத்துகள்கள் மூச்சு ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் காற்றோட்டமற்ற வீட்டு அறையைக் காட்டிலும் தனிக்குடிலே தகுந்தது.

முடிவுரை

தமிழகத்தில் இல்லக் காளான் வளர்ப்பின் வரலாறு, வித்து இல்லாத ஒன்றை வித்துள்ள பயிராக ஆக்கிய வரலாறு ஆகும். 1943இல் கோயம்புத்தூரில் முறை அறியப்பட்டது. வித்தும் விளைவும் நிலைத்து நில்லாமையால் அது இல்லத்தில் வேரூன்றவில்லை. 1962இன் மைசூர் ஆய்வு வைக்கோலுக்கு ஏற்ற சிப்பிக்காளானைத் தந்தது. 1998இல் பால் காளான் கோடையையும் வளர்ப்புக்காலம் ஆக்கியது. இவற்றால் ஈரம், நிழல், மட்கும் பொருள் என்னும் அதே கூறுகள் வறுமையின் அடையாளம் என்னும் நிலையினின்று வருவாயின் வழியாக மாறின.

இம்மாற்றம் இன்னும் நிறைவுறவில்லை. விதை நெல்லைக் குதிரில் காத்த குடும்பத்துக்கு இருந்த தன்னுரிமை காளான் வளர்க்கும் குடும்பத்துக்கு இல்லை. ஊர்தோறும் குடில்களைப் பெருக்குவதைக் காட்டிலும், வட்டார அளவில் மகளிர் குழுக்களே நடத்தும் வித்து ஆய்வகங்களை உருவாக்குவதும், விற்கப்படும் வித்தின் தரத்தைச் சான்றளித்து உறுதிசெய்வதும் இவ்வரலாற்றின் அடுத்த தேவையாகப் புலப்படுகின்றன. வாய்மொழித் தரவுகளின் துணையுடன் குடில்களின் வரலாற்றை மாவட்ட வாரியாகத் தொகுப்பது மேலாய்வுக்குரிய களமாகும்.